நூலகத்திற்காகப் பேசுவோம்

பள்ளியில் நூலகம் இருந்தால் மட்டும் போதாது. அதனால் விளையும் பயனைப் பிறர் அறிதலும் வேண்டும். நூல்கள் வாங்கப் பணம் ஒதுக்குபவர் பள்ளி நிருவாகக் குழுவினர். நூலகத்திற்குப் பாடவேளை ஒதுக்குபவர் முதல்வர். வீட்டில் படிக்க நேரம் தருபவர் பெற்றோர். இவர்கள் நூலகத்தின் பயனை உணராவிடின், தேர்வு நெருங்கும்போது நூலகப் பாடவேளையே முதலில் குறைக்கப்படும்.

பயனை உணர்த்துவது எவ்வாறு? நூல்களின் எண்ணிக்கையைக் கூறினால் போதுமா? இதற்கு வழிகாட்டுபவர் இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன். 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த இவர், கணித ஆசிரியராக இருந்து, 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பிற்காலத்தில் காசி, தில்லி, பெங்களூரு ஆகிய நகரங்களிலும் பணியாற்றினார். இவர் நினைவாகவே ஆகஸ்டு 12ஆம் நாள் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அரங்கநாதன் 1931ஆம் ஆண்டு நூலகத்திற்குரிய ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பது முதல் விதியின் கருத்து. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கேற்ற வாசகரும் கிடைக்க வேண்டும் என்பன அடுத்த இரண்டு. வாசகரின் நேரத்தைக் காப்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி என்பது ஐந்தாவது.

இவ்விதிகளின்படி, பூட்டிய அலமாரியில் ஆயிரம் நூல்கள் இருப்பது பெருமையன்று. பத்து நூல்கள் பலர் கைகளில் மாறி மாறிச் செல்வதே பெருமை. அதற்குச் சான்று நூல் வழங்கும் பதிவேடு. எந்த வகுப்பினர் எத்தனை நூல்கள் எடுத்தனர், எந்த நூலைக் கேட்டுப் பலர் காத்திருக்கின்றனர் என்பவற்றை அது காட்டும். காத்திருப்போர் பட்டியலைக் குழுவினரிடம் காட்டலாம். செயல்திட்டங்களுக்கு நூல்கள் உதவிய விதத்தை முதல்வரிடம் கூறலாம். பெற்றோருக்கோ, பிள்ளை ஒரு கதையைத் தானே படித்துக் காட்டுவதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எடுத்துரைத்தால் பயன் விளையுமா? 1928ஆம் ஆண்டு தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக, அரங்கநாதன் நூலகங்களின் தேவையை மக்களிடமும் அரசிடமும் தொடர்ந்து வலியுறுத்தினார். அம்முயற்சியின் பயனாக 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது.

மாணவர்களே! தமிழகத்திற்கு வெளியே பயிலும் உங்கள் பள்ளி நூலகத்தில் தமிழ் நூல்களுக்கு ஒரு சிறு தட்டே இருக்கலாம். அந்நூல்களை எவரும் எடுக்காவிடின், தமிழ் படிப்பார் இங்கு இல்லை என்றே பதிவேட்டைப் பார்ப்போர் எண்ணுவர். கேட்கப்படாத நூல் வாங்கப்படுவதில்லை. வாங்கப்படாத நூல் உங்கள் கண்ணில் படுவதுமில்லை. ஆகவே, ஒரு தமிழ் நூலை எடுத்துப் பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதுங்கள். மேலும் பல தமிழ் நூல்கள் வேண்டும் என்று நீங்கள் அளிக்கும் முதல் விண்ணப்பம் அதுவே.

செயல்பாடு: உங்கள் பள்ளி நூலகத்திற்கு வேண்டிய தமிழ் நூல்களைக் குறிப்பிட்டு, அவற்றின் தேவையை விளக்கி முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.