ஒரே கோடு... ரெண்டு போன்! ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் வைத்து மொபைல் ஆப் உருவாக்க முடியுமா?

ஆண்ட்ராய்டு போனுக்கு ஆப் எழுத 'கோட்லின்' என்ற மொழி தெரிய வேண்டும். ஐபோனுக்கு 'ஸ்விஃப்ட்'. ஆப் ஒன்றுதான், ஆனால் மொழி இரண்டு, வேலையும் இரண்டு மடங்கு. பெரிய கம்பெனி என்றால் இரண்டு டீம் வைத்துக்கொள்ளும். ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு நல்ல ஐடியாவும் மட்டுமே கையில் இருக்கும் கல்லூரி மாணவிக்கு அது கட்டுப்படியாகுமா?

அங்கேதான் ஜாவாஸ்கிரிப்ட் வருகிறது. 1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் வெறும் பத்து நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். வெப்சைட் பக்கங்களைக் கொஞ்சம் துடிப்பாக்க உருவான குட்டி மொழி, இன்று போனுக்குள்ளும் குடியேறிவிட்டது.

குடியேறிய கதை அவ்வளவு சுலபமானதல்ல. 2009-ல் வந்த 'போன்கேப்', பின்னர் அதிலிருந்து பிறந்த 'கார்டோவா' போன்றவை ஒரு குறுக்குவழியைக் காட்டின. ஆப் என்ற உறைக்குள் ஒரு வெப் பக்கத்தை வைத்துவிடுவது! வேலை செய்தது. ஆனால், விரலால் தள்ளினால் பக்கம் திக்கித் திணறியது. ஃபேஸ்புக்கே இந்த வெப் வழியை நம்பிப் பட்டுத் தெளிந்தது. ஹெச்.டி.எம்.எல்-5 மீது அதிகமாகப் பந்தயம் கட்டியது தங்களின் பெரிய தவறு என்று 2012-ல் மார்க் ஸக்கர்பெர்க் மேடையிலேயே ஒப்புக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருடம், அதே கம்பெனியின் உள்ளே நடந்த ஹேக்கத்தானில் முளைத்ததுதான் 'ரியாக்ட் நேட்டிவ்'. 2015 மார்ச்சில் ஐபோனுக்கும், அதே வருடம் செப்டம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். இதில் வெப் பக்கம் கிடையாது. நீங்கள் ஜாவாஸ்கிரிப்ட்டில் 'இங்கே ஒரு பட்டன்' என்று சொன்னால், ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்டின் சொந்தக் கட்டமைப்பும், ஐபோனில் ஐபோனின் சொந்தக் கட்டமைப்பும் அதை வரைந்துகொள்ளும். சமையல் குறிப்பு ஒன்று, அடுப்பு இரண்டு.

பால் கணக்கில் ஆரம்பிக்கலாம்

முதல் ஆப்பே அடுத்த வாட்ஸ்அப்பாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள். வீட்டில் காலண்டரில் கிறுக்கி வைக்கிற பால் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, எத்தனை பாக்கெட், என்ன விலை, மாதக் கடைசியில் மொத்தம். இதற்குள்ளேயே அடிப்படைப் பாடம் முழுக்க அடங்கிவிடுகிறது.

'வியூ' என்பது ஒரு பெட்டி. 'டெக்ஸ்ட்' எழுத்தைக் காட்டும். 'டெக்ஸ்ட் இன்புட்' டைப் செய்யும் கட்டம். 'பிரெஸ்ஸபிள்' தொட்டால் வேலை செய்யும். 'ஃபிளாட் லிஸ்ட்' நீளமான பட்டியலைக் காட்டும். இந்த ஐந்தை வைத்தே பால் கணக்கு ஆப்பின் முகத்தைக் கட்டிவிடலாம். வெப்சைட் செய்து பழகியவர்கள் இங்கே ஒரு முறையாவது சறுக்குவார்கள். எழுத்தை 'டெக்ஸ்ட்'டுக்குள் வைக்காமல் நேராகப் பெட்டியில் போட்டால், ஆப் சிவப்புத் திரையைக் காட்டி நின்றுவிடும்.

அடுத்தது 'ஸ்டேட்'. உண்மையான கஷ்டம் இங்கேதான். பாக்கெட் எண்ணிக்கையைச் சாதாரண வேரியபிளில் வைத்துக் கூட்டினால், உள்ளே எண் மாறும். திரையில் மாறாது! 'யூஸ் ஸ்டேட்' மூலம் மாற்றினால்தான், 'மதிப்பு மாறிவிட்டது, திரும்ப வரை' என்று ரியாக்ட்டுக்குத் தெரியும். இது மண்டையில் ஏற நான்கு நாள் ஆனாலும் பரவாயில்லை. இதைத் தாண்டாமல் அடுத்த பாடத்துக்குப் போவதில் அர்த்தமில்லை.

காசு விஷயத்தில் ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் குறும்புக்கார மொழி. கட்டத்தில் டைப் செய்தது எண்ணாக வராது, எழுத்தாகத்தான் வரும். 28-ஐயும் 28-ஐயும் அப்படியே கூட்டினால் 56 வராது; இரண்டையும் ஒட்டி வைத்து 2828 என்று காட்டும். பால்காரர் மயங்கி விழுந்துவிடுவார். 'நம்பர்' என்ற கட்டளையால் எண்ணாக மாற்றிவிட்டே கூட்ட வேண்டும். தசமமும் அப்படித்தான். 0.1-ம் 0.2-ம் சேர்ந்தால் இதில் 0.30000000000000004! அதனால், ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகச் சேமிப்பதே பாதுகாப்பு.

தமிழில் ஆப் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லுக்கு நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஐந்து. கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். பெயருக்கு 10 எழுத்து என்று எல்லை வைத்தால், கிருஷ்ணமூர்த்தி 'கிருஷ்ணமூர' என்று நின்றுவிடுவார். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு இது கடைசி வரை தெரியாது.

என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்?

போனை மட்டும் வைத்துக் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அந்தச் சின்ன கீபோர்டில் அடைப்புக்குறி தேடியே பொழுது போய்விடும். சாதாரண லேப்டாப் ஒன்று அவசியம். ஆனால், ஆரம்பத்தில் கனமான 'ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ' தேவையில்லை. 'எக்ஸ்போ' என்ற இலவசக் கருவி போதும். போனில் 'எக்ஸ்போ கோ' ஆப்பைப் போட்டு, லேப்டாப்பில் தெரியும் க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்தால், எழுதிய ஆப் போனில் ஓடும். ஒரு வரியை மாற்றி சேவ் செய்த சில நொடிகளில் போனிலும் மாறிவிடும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஹாஸ்டல் வைஃபை முரண்டு பிடித்தால் 'டனல்' முறையில் இணைக்கலாம்.

படிக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. ரியாக்ட் நேட்டிவின் அதிகாரபூர்வப் பாடங்களும், 'ஃப்ரீகோட்கேம்ப்' பாடங்களும் இலவசம். பெரிய தொகை கேட்கும் கோர்ஸில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர், முதலில் இவற்றில் ஒரு மாதம் உட்கார வைத்துப் பார்ப்பது நல்லது. வரிசை முக்கியம். முதலில் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஃபங்ஷன், அர்ரே, ஆப்ஜெக்ட், அசிங்க்-அவெய்ட். பிறகு ரியாக்ட். அதன் பிறகே மொபைல்.

இதுதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் இல்லை. 2016-ல் ரியாக்ட் நேட்டிவுக்கு வந்த 'ஏர்பிஎன்பி', 2018-ல் அதை விட்டு விலகுவதாக அறிவித்தது. கூகுளின் 'ஃபிளட்டர்' இன்னொரு வழி. அதற்கு 'டார்ட்' மொழி படிக்க வேண்டும். கனமான கேம் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ரியாக்ட் நேட்டிவ் சரிப்படாது.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். வேறு சேவைகளின் ரகசியச் சாவிகளை, அதாவது 'ஏ.பி.ஐ கீ'களை ஆப்புக்குள் எழுதி வைக்கக் கூடாது. ஆப்பைப் பிரித்துப் பார்த்து அவற்றை எடுத்துவிட முடியும். சேவைக்கான பில் உங்கள் பெயரில் வரும். அதேபோல, 'அசிங்க் ஸ்டோரேஜ்' என்ற சேமிப்பு இடம் பூட்டில்லாத அலமாரி. பால் கணக்குக்குச் சரி, பாஸ்வேர்டுக்கு ஆகாது.

ஆப் தயாரான பிறகுதான் செலவு. கூகுள் பிளே ஸ்டோரில் டெவலப்பர் கணக்குக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஒவ்வொரு வருடமும் 99 டாலர். அதனால், ஆண்ட்ராய்டில் முதலில் இறங்குவதே பர்ஸுக்கு நல்லது. பிளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர்கள், ஆப்பைப் பொதுவில் விடும் முன் குறைந்தது 12 பேரை வைத்து, தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பால் கணக்கு ஆப்புக்கு அந்த 12 பேர் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பிலேயே கிடைத்துவிடுவார்கள்.