சுவரில் பூத்த பூசணமும் குழந்தையின் மூச்சும்

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஸ்ஹாக் என்ற பாலகன் வஃபாத்தானான். இரண்டு வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். குடியிருந்த சிறிய வாடகை வீட்டின் சமையலறையிலும் குளியலறையிலும் பூசணம் படர்ந்திருந்தது. 2017லேயே தந்தை அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பதே பதிலாக இருந்தது. நீண்ட நாள் அந்தப் பூசணத்தைச் சுவாசித்ததால் வந்த நோயே உயிரைப் பறித்தது என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார்.

இதில் நம்மை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. இந்தக் குடும்பம் மார்க்க முறைப்படி வாளியில் நீர் வைத்துக் குளிப்பதால்தான் வீடு ஈரமாகிறது என்று வீட்டை வாடகைக்கு விட்ட நிறுவனத்தில் அனுமானித்திருந்தார்கள்! அந்த அனுமானம் தவறு என்று பின்னர் அவர்களே ஒப்புக்கொண்டனர். சமைப்பதும் குளிப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பவை. அந்த ஈரம் வெளியேற வழியில்லாததுதான் அங்கே குறை.

பூசணம் கண்ணுக்குத் தெரியாத நுண்விதைகளைக் காற்றில் பரப்புகிறது. அவை மூச்சுக்குழலை உறுத்தி, இருமல், மூக்கடைப்பு, இளைப்பு ஆகியவற்றைக் கொண்டுவருகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது அதிகமாகிறது. சிறு பிள்ளைகளின் மூச்சுக்குழல் குறுகலானது. சற்று வீங்கினாலும் திணறுவார்கள்.

ஆடையில் நஜீஸ் பட்டால் உடனே கழுவுகிற நாம், பீரோவுக்குப் பின்னால் படர்ந்த பூசணத்தைப் பல மழைக்காலங்கள் அப்படியே விட்டுவைக்கிறோம். பெருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்தால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. போகாது. மொட்டைமாடி வெடிப்பா, குழாய்க் கசிவா, தரையிலிருந்து ஏறும் ஓதமா என்று நீர் வரும் வழியைக் கண்டு அடைக்காமல் அடிக்கும் பெயிண்ட் சில மாதங்களில் உரிந்துவிடும். மழை நாட்களில் துணிகளைப் படுக்கையறைக் கொடியில் உலர்த்துவதையும் தவிர்க்க வேண்டும். அந்த ஈரமெல்லாம் இரவில் பிள்ளைகள் தூங்கும் சுவரில்தான் இறங்குகிறது.

சுரண்டி எடுப்பதாக இருந்தால் உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், தூள் பறக்கும். சோப்புநீரில் நனைத்த துணியால், முகக்கவசம் அணிந்து, சன்னலைத் திறந்துவைத்துத் துடையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

வாடகை வீடென்றால் சங்கடம் அதிகம். உரிமையாளரிடம் கேட்டால் காலி செய்யச் சொல்வாரோ என்று பலர் வாய் திறப்பதில்லை. இங்கிலாந்தில் அந்தப் பாலகனின் பெயராலேயே 'அவாப் சட்டம்' வந்து, 2025 அக்டோபர் முதல் அமலில் உள்ளது. சமூக வாடகை வீடுகளில் உயிருக்கு ஆபத்தான குறை என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். நம் ஊர் வீட்டு உரிமையாளர்களில் நம் சகோதரர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாடகை வாங்கும் கை, ஒழுகும் மாடியையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

பிள்ளைக்கு வீட்டில் இருமலும் பாட்டி வீட்டுக்குப் போனால் சுகமும் என்றால், டாக்டரிடம் போகும்போது உங்கள் வீட்டுச் சுவரைப் பற்றியும் சொல்லுங்கள்.