வால் நட்சத்திரம் வந்த வருடம்... 1986-ல் உலகம் கேட்கத் தவறியதும், காது கொடுத்துக் கேட்டதும்!

வானத்தில் வால் நட்சத்திரம் தோன்றினால் நாட்டுக்கு ஆகாது என்பார்கள் நம் ஊர்ப் பாட்டிகள். ராஜாவுக்கு ஆபத்து, பஞ்சம் வரும், போர் மூளும் என்று வரிசையாகச் சொல்வார்கள். சுமார் 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் ஹாலி வால் நட்சத்திரம் கடைசியாக வந்தது 1986-ல். பிப்ரவரி 9-ம் தேதி சூரியனுக்கு மிக அருகில் வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

அந்த வருடத்துச் செய்திகளைப் புரட்டினால், பாட்டிகள் சொன்னது பலித்துவிட்டதோ என்றுகூடத் தோன்றும். விண்வெளி ஓடம் சிதறியது. அணு உலை வெடித்தது. ஸ்வீடன் பிரதமர் ஓலாஃப் பால்மே, சினிமா பார்த்துவிட்டு மனைவியோடு நடந்து வரும்போது நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆப்பிரிக்காவில் ஓர் ஏரி, ஒரே இரவில் கிராமங்களையே காவு வாங்கியது.

ஆனால், கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் பழியை வால் நட்சத்திரத்தின் மேல் போட முடியாது. அந்த வருடத்தின் பெரிய விபத்துகளுக்கு முன்னால் எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. கேட்க வேண்டியவர்கள்தாம் கேட்கவில்லை!

73 விநாடிகள்

ஜனவரி 28. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பியது. உள்ளே 7 பேர். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப். 11,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் விண்ணப்பித்ததில் தேர்வானவர். விண்வெளியிலிருந்தே அவர் பாடம் நடத்துவதாகத் திட்டம். அதனால் நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பிய 73-வது விநாடியில் ஓடம் சிதறியது. 7 பேரும் இறந்தார்கள்.

முந்தைய நாள் இரவு, ஓடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளைத் தயாரித்த நிறுவனத்தின் இன்ஜினீயர்கள், 'வேண்டாம்' என்று தொலைபேசியில் மன்றாடியிருந்தார்கள். கடும் குளிரில் ராக்கெட் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், சூடான வாயு கசியும் என்பது அவர்களின் பயம். ரோஜர் போஜோலே என்ற இன்ஜினீயர் ஆறு மாதங்களுக்கு முன்பே இதை எழுத்தில் எச்சரித்திருந்தார். ஆனால், ஏவ வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தது நாசா. நிறுவனத்தின் மேலதிகாரிகள் தங்கள் இன்ஜினீயர்களின் பேச்சை ஒதுக்கிவிட்டுச் சம்மதம் சொன்னார்கள்.

பிறகு நடந்த விசாரணையில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன், அந்த ரப்பர் துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டுக் காட்டினார். குளிரில் அது மீளும் தன்மையை இழந்தது. காரணத்தை உலகத்துக்குப் புரியவைக்க ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் போதுமானதாக இருந்தது!

கம்ப்யூட்டரை விட்டு எழுந்தவர்கள்

அடுத்த மாதமே பிலிப்பைன்ஸில் நேர்மாறான ஒரு காட்சி. 20 ஆண்டுகளாக அதிபர் நாற்காலியில் இருந்த மார்க்கோஸ், பிப்ரவரி 7-ல் திடீர் தேர்தல் நடத்தினார். அவரை எதிர்த்து நின்றவர் கொரசோன் அக்கினோ. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட எதிர்க்கட்சித் தலைவரின் மனைவி.

வாக்கு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோதே, தேர்தல் ஆணையத்தின் கம்ப்யூட்டர் ஊழியர்கள் முப்பது பேருக்கு மேல் எழுந்து வெளியேறினார்கள். தாங்கள் பதிவு செய்யும் எண்களும் வெளியே அறிவிக்கப்படும் எண்களும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் காரணம். உயிர் பயம் இருந்தும் செய்தார்கள். பிறகு, ராணுவத்தின் ஒரு பகுதி மார்க்கோஸுக்கு எதிராகத் திரும்ப, அவர்களைக் காப்பாற்ற வீதிக்கு வரும்படி வானொலியில் அழைத்தார் கார்டினல் ஹைமே சின். லட்சக்கணக்கான மக்கள் வந்து டாங்கிகளை மறித்தார்கள். பிப்ரவரி 25-ல் அக்கினோ பதவியேற்றார். மார்க்கோஸ் ஹவாய்க்குப் பறந்தார்.

மூன்று நாளைக்கு மட்டும்...

ஏப்ரல் 26, அதிகாலை 1.23. சோவியத் யூனியனின் செர்னோபிலில் 4-வது அணு உலை வெடித்தது. அன்று நடந்தது ஒரு பாதுகாப்புச் சோதனை என்பதுதான் கொடுமை. அந்த வகை உலையை அவசரமாக நிறுத்தும்போது சில சமயம் சக்தி குறைவதற்குப் பதில் ஏறிவிடும் என்ற குறை, 1983-லேயே வேறொரு நிலையத்தில் தெரிந்திருந்தது. இயக்கியவர்களுக்கு அதை யாரும் சரியாகச் சொல்லவில்லை.

பக்கத்து ஊரான பிரிப்யாட்டில் இருந்த சுமார் 49,000 பேர், மறுநாள் மதியம்தான் பேருந்துகளில் ஏற்றப்பட்டார்கள். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லப்பட்டது. அந்த ஊர் இன்றுவரை காலியாகவே கிடக்கிறது.

உலகத்துக்கு விஷயம் தெரியவந்தது ஸ்வீடன் மூலம். ஏப்ரல் 28-ம் தேதி அங்குள்ள ஓர் அணுமின் நிலையத்தில், ஊழியர் ஒருவரின் காலணியில் கதிர்வீச்சு இருப்பதைக் கருவி காட்டிக்கொடுத்தது. அதன் பிறகே அன்று மாலை மாஸ்கோ வாய் திறந்தது.

மெட்ராஸில் ஒரு மாணவி

அதே வருடம், நம் சென்னையிலும் ஓர் எச்சரிக்கை மணி அடித்தது. எய்ட்ஸ் என்றால் மேல்நாட்டு நோய், நம் நாட்டில் வராது என்று பலரும் நம்பிய நேரம். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், இங்கே அந்தக் கிருமி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொன்னார்.

காப்பகத்திலும் மருத்துவமனையிலும் பாலியல் தொழிலாளர்களைச் சந்தித்து, 80-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார் நிர்மலா. முறையான வசதி இல்லாததால், வீட்டு ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தார். வேலூர் சி.எம்.சி-யில் பரிசோதித்தபோது 6 மாதிரிகளில் எச்.ஐ.வி இருந்தது. இந்தியாவில் முதன்முறையாக அந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். மறைக்காமல் அறிவிக்கப்பட்டதால், நாடு பரிசோதனைகளில் இறங்கியது.

பேசாத ஏரியும், பேசிய படகும்

ஆகஸ்ட் 21 இரவு, கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரிக்கு அடியில் தேங்கியிருந்த கரியமில வாயு பொங்கி வெளியேறியது. காற்றைவிடக் கனமான அந்த வாயு பள்ளத்தாக்குகளில் இறங்க, சுமார் 1,700 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே நாட்டின் மோனூன் ஏரிக்கரையில் 37 பேர் இறந்தது, உலகின் கவனத்துக்குப் பெரிதாக வரவே இல்லை.

அதற்குப் பத்து நாள் முன்பு, ஆகஸ்ட் 11. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில், பனிமூட்டத்துக்கு நடுவே இரண்டு உயிர்காப்புப் படகுகளைப் பார்த்தார் மீன்பிடிப் படகின் கேப்டன் கஸ் டால்டன். உள்ளே போருக்குத் தப்பி வந்த 155 இலங்கைத் தமிழர்கள்! கப்பல் ஒன்று அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. 'யார், எந்த ஊர்' என்ற விசாரணையெல்லாம் பிறகுதான். முதலில் மற்ற படகுகளையும் உதவிக்கு அழைத்து, அவர்களைக் காப்பாற்றினார்கள் மீனவர்கள். கனடா தங்க அனுமதி கொடுத்தது. இன்றைய கனடாத் தமிழர்களின் கதையில் அந்த நாளுக்குத் தனி இடம் உண்டு.

மறுபடி வரும்போது...

ஹாலி வால் நட்சத்திரம் அடுத்து வரப்போவது 2061-ல். இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பலர் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அப்போது 1986-ன் கதையையும் சொல்லலாம்... கெடுதல் வானத்திலிருந்து வரவில்லை என்று.

நம் அலுவலகத்தில், பள்ளியில், வீட்டில் யாராவது ஒருவர் 'இது சரியாப்படலையே' என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், ஒரு நிமிடம் நின்று கேட்கலாம். போஜோலேவுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு நிமிடம்தான்!