மாட்டிக்கிட்டா யாரைத் திட்டுவீங்க? – ‘மங்கி ஐலண்ட்’ புதிர்கள் சொல்லும் பாடம்



கம்ப்யூட்டர் கேம் என்றாலே டுமீல் டுமீல் என்று சுடுவதும், காரை ஓட்டிச் சுவரில் இடிப்பதும்தான் என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. உட்கார்ந்து யோசித்தால் மட்டுமே நகரும் விளையாட்டுகளும் இருக்கு. அதுக்கு ‘அட்வென்ச்சர் கேம்’ என்று பெயர். அதில் ஒரு கதை இருக்கும். கதாநாயகனை நாம்தான் நடத்திக்கொண்டு போகணும். பூட்டிய கதவு, வழிவிடாத காவலாளி, தாண்ட முடியாத பள்ளம் என்று வழியில் ஏதாவது தடை வரும். பையில் இருக்கும் பொருளையும், மத்தவங்க பேச்சில் கிடைக்கும் துப்பையும் வைத்துத் தாண்டணும்.

அப்படிப்பட்ட ஒரு புகழ்பெற்ற தொடர்தான் ‘மங்கி ஐலண்ட்’, அதாவது குரங்குத் தீவு. கடற்கொள்ளைக்காரன் ஆகணும் என்று ஆசைப்படும் கய்ப்ரஷ் த்ரீப்வுட் என்ற அப்பாவிப் பையனின் கதை. முதல் விளையாட்டு 1990இல் அமெரிக்காவின் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. ரான் கில்பர்ட், டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் மூவரும் சேர்ந்து உருவாக்கினாங்க. அதன் பிறகு 1991, 1997, 2000, 2009, கடைசியாக 2022. மொத்தம் ஆறு. நம்ம யாரும் பிறக்காத காலத்தில் ஆரம்பித்த விளையாட்டு, முப்பது வருஷம் தாண்டியும் உயிரோடு இருக்கு. காரணம் என்ன? அதன் புதிர்கள்தான்!

நல்ல புதிர் எது? கெட்ட புதிர் எது?

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கு. நீங்க ஒரு புதிரில் மாட்டிக்கிட்டீங்க. ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகு விடை தெரியுது. அப்போ யாரைத் திட்டுவீங்க?

“அட, கண் முன்னாடியே இருந்ததே! எனக்குத் தோணலையே!” என்று உங்களையே திட்டிக்கிட்டா அது நல்ல புதிர். “இது யாருக்குய்யா தோணும்?” என்று புதிர் போட்டவரைத் திட்டினா அது கெட்ட புதிர். நம்ம பாட்டி போடும் விடுகதைக்கும் இதே சோதனைதான்.

அந்தக் காலத்தில் கெட்ட புதிர்கள் நிறைய. சியரா நிறுவனத்தின் ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’ 1990இல் வந்தது. அதில் ஊருக்குள் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்தச் சில நொடிக்குள் பூனைமேல் எதையாவது எறிந்து எலியைக் காப்பாத்தணும். விட்டுட்டா அப்போ ஒண்ணும் ஆகாது. ரொம்ப நேரம் கழித்து உங்களைப் பிடித்துக் கட்டிப் போடுவாங்க. கயிற்றைக் கடிக்க வரவேண்டிய எலி வராது. கதை அங்கேயே முடிஞ்சு போச்சு! எங்கே தப்பு பண்ணினோம் என்றுகூடத் தெரியாது. இது நியாயமா?

ரான் கில்பர்ட் போட்ட சட்டம்

இந்த மாதிரிப் புதிர்களால் எரிச்சலான கில்பர்ட், ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’ வருவதற்கு முன்பே, 1989இல் ஒரு கட்டுரை எழுதினார். அட்வென்ச்சர் கேம்கள் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கு என்பதுதான் விஷயம். அதில் உள்ள சில கருத்துகளை என் வார்த்தையில் சொல்கிறேன்:

1. முதலில் பள்ளத்தைக் காட்டு, பிறகு கயிற்றைக் கொடு. கயிறு முதலில் கிடைத்தால், எதுக்கு என்றே தெரியாமல் பையில் போட்டுக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்.
2. ஒரு பொருளை எடுக்க மறந்துட்டான் என்பதற்காக ஆட்டக்காரனைத் திரும்பி வரமுடியாமல் மாட்ட வைக்காதே.
3. பாடம் கத்துக்கொடுக்க அவனைச் சாகடிக்காதே.
4. சின்னச் சின்ன வெற்றிகளைக் கொடுத்துக்கொண்டே இரு. ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேல் வேலையும் கொடு.

இந்தச் சட்டத்தை வைத்து அடுத்த வருஷமே செய்த விளையாட்டுதான் முதல் மங்கி ஐலண்ட். அதில் கடற்கொள்ளைக்காரன் ஆக மூன்று தேர்வுகள்: வாள் சண்டை, திருட்டு, புதையல் தேடுவது. மூன்றையும் எந்த வரிசையில் வேணும்னாலும் செய்யலாம். ஒண்ணில் மாட்டிக்கிட்டா அடுத்ததுக்குப் போகலாம். பரீட்சையில் மூணாவது கேள்வி தெரியலைன்னா நாலாவதுக்குத் தாவுவோமே, அதே மாதிரி!

வாயால் ஜெயிக்கும் வாள் சண்டை

இந்தத் தொடரின் மிகச் சிறந்த புதிர் வாள் சண்டைதான். இங்கே கைவேகத்துக்கு வேலை இல்லை, வாய்ச் சாமர்த்தியம்தான் எல்லாம். எதிரி ஒரு வசவு சொல்வான். அதுக்குச் சரியான பதிலடி கொடுத்தால் நீங்க முன்னேறலாம். இல்லைன்னா பின்னால் போகணும்.

ஆரம்பத்தில் நமக்கு ஒண்ணும் தெரியாது. தோத்துக்கிட்டே இருப்போம். ஆனா தோக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் சொன்ன வசவு நம்ம பட்டியலில் சேர்ந்துடும். அதையே அடுத்த ஆள்மேல் வீசினால், அதுக்கான பதிலடியை அவன் வாயாலேயே கேட்டுக்கலாம். தோல்விதான் இங்கே வாத்தியார்!

கடைசியில் வாள்வித்தை ஆசிரியை கார்லாவிடம் போகணும். அங்கேதான் திருப்பம். அவர் சொல்வது எல்லாம் புது வசவு! பழைய பதிலடிகளில் எது இதுக்குப் பொருந்தும் என்று யோசித்துப் பதில் சொல்லணும். எந்த வசவுக்கு எந்தப் பதில் என்று ஜோடி ஜோடியாக மனப்பாடம் பண்ணினவன் திணறுவான். பதிலின் பொருள் புரிஞ்சவன் ஜெயிப்பான். (ஆசிரியர்கள் இந்தப் பத்தியைக் கவனிப்பார்கள் என்று நம்புகிறேன்!)

1997இல் வந்த மூன்றாம் பாகத்தில் இதையே கொஞ்சம் மாத்தினாங்க. கடலில் சண்டை போடும்போது பதிலடி பொருந்தினால் மட்டும் போதாது, எதுகை இயைபு மாதிரி ஓசையும் ஒத்துவரணும். ஆனா 2000இல் வந்த நான்காம் பாகத்தில் சறுக்கிட்டாங்க. ‘மங்கி காம்பாட்’ என்று ஒரு குரங்குச் சண்டை. அதில் ஐந்து நிலைகள். ஒரு நிலையிலிருந்து இன்னொண்ணுக்கு மாற, குரங்கு கத்துவது போன்ற அர்த்தமில்லாத சத்தங்களைச் சரியான வரிசையில் சொல்லணும். அதில் புரிந்துகொள்ள ஒண்ணும் இல்லை. பேப்பரில் அட்டவணை போட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. உள்ளே ஒண்ணு யோசனை, இன்னொண்ணு வெறும் உருப்போடுதல்.

குரங்கும் ஸ்பேனரும்

இவ்வளவு சட்டம் போட்ட கில்பர்ட்டே ஒரு இடத்தில் வழுக்கி விழுந்தார். 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில், ஓர் அருவியை நிறுத்த ஒரு பம்பைத் திருகி மூடணும். எதை வைத்து? மதுக்கடையில் பியானோ வாசிக்கும் ஒரு குரங்கை வைத்து! தாளம் காட்டும் கருவியின் ஆடும் கம்பியில் வாழைப்பழத்தை மாட்டி, குரங்கை மயக்கி, அதைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஸ்பேனர் மாதிரி உபயோகிக்கணும்.

ஏன் குரங்கு? அமெரிக்காவில் ஒரு வகை ஸ்பேனருக்கு ‘மங்கி ரெஞ்ச்’ என்று பெயர். அந்தச் சொல் தெரிஞ்சவங்களுக்கு இது ஜோக். தெரியாதவங்களுக்கு? ஆங்கிலேயே பேசும் இங்கிலாந்து நாட்டுக்காரர்களுக்கே அந்தப் பெயர் அவ்வளவு பழக்கமில்லை. அப்புறம் நமக்கு எப்படித் தோணும்? அதுக்கு மூளை போதாது என்று அர்த்தம் இல்லை. தேவையான துப்பு விளையாட்டுக்குள்ளேயே இல்லை, வேறொரு ஊரின் அகராதியில் இருக்கு. பிற்காலத்தில் கில்பர்ட்டே இது மோசமான புதிர் என்று ஒத்துக்கிட்டார்.

இதோடு முதல் பாகத்தில் வரும் ஒரு புதிரை ஒப்பிட்டுப் பாருங்க. பாலத்தில் ஒரு பூதம் வழி மறிக்கும். கவனத்தை ஈர்க்கணும், ஆனா உண்மையில் முக்கியமில்லாததாக இருக்கணும், அப்படி ஒரு பொருள் கொடு என்று கேட்கும். விடை ஒரு சிவப்பு மீன். ஆங்கிலத்தில் ‘ரெட் ஹெர்ரிங்’ என்ற மீன் பெயருக்கு, கவனத்தைத் திசைதிருப்பும் பொய்த் துப்பு என்றும் ஒரு பொருள் உண்டு. இதுவும் சிலேடைதான். ஆனா பூதம் ஏதாவது கொடு என்று கேட்கிறதே! சிலேடை தெரியாதவனும் பையில் இருப்பதை ஒவ்வொண்ணாக நீட்டிப் பார்த்துத் தாண்டிடலாம். உயிருள்ள குரங்கைப் பம்பில் மாட்டிப் பார்க்க யாருக்குத் தோணும்? இதுதான் வித்தியாசம்.

★ தெரியுமா உங்களுக்கு? ★
முதல் பாகத்தில் கய்ப்ரஷ் சாவதே கஷ்டம். ஒரு காட்சியில் அவனைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுவாங்க. அவனால் பத்து நிமிஷம் மூச்சடக்க முடியும். நாம் பத்து நிமிஷம் சும்மாவே இருந்தால் மட்டும் செத்துப்போவான்!

புதிரை எப்படிக் கட்டுவது?

அந்த நிறுவனத்தில் புதிர்களைப் படமாக வரைந்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. எது முடிந்தால் எது திறக்கும் என்று காட்டும் படம். அதைக் கடைசியிலிருந்து முன்னால் வரணும். மேலே சொன்ன பூதத்தையே எடுத்துக்குவோம்:

பாலத்தைத் தாண்டணும் ← மீன் வேணும் ← மீன்மேல் உட்கார்ந்த கடற்பறவையைப் பலகையை மிதித்து விரட்டணும் ← சமையல்காரர் வெளியே போகும் நேரம் பார்த்துச் சமையலறைக்குள் நுழையணும்.

இப்படி வரைஞ்சு பார்த்தால், படம் ஒரே கோடாக நீளமாகப் போனால் ஆபத்து. ஓர் இடத்தில் மாட்டினால் எல்லாமே நின்னுடும். மரம் மாதிரி கிளைவிட்டு, மறுபடி ஓர் இடத்தில் சேர்ந்தால் நல்லது.

இனி எந்தப் பக்கம்?

இன்னிக்குப் பெரிய சவால் இதுதான். விடை போனில் இரண்டு தட்டு தட்டினால் கிடைச்சிடும். அப்படின்னா புதிர் எதுக்கு?

2022இல் கில்பர்ட்டும் கிராஸ்மனும் திரும்பி வந்து செய்த ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ ஒரு வழி காட்டுது. அதில் கய்ப்ரஷின் பையிலேயே ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கு. அது முதலில் லேசாக ஜாடை காட்டும். போதலைன்னா இன்னும் கொஞ்சம் சொல்லும். கடைசியில்தான் முழு விடை. வெளியே தேடினால் ஒரே அடியாக எல்லாம் தெரிஞ்சு சுவை போயிடும். இதில் தேவையான அளவு மட்டும் எடுத்துக்கலாம். கூடவே, புதிர் குறைவான சுலப முறை ஒண்ணு, கடின முறை ஒண்ணு என்று இரண்டும் உண்டு.

2023இல் ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ என்ற வேறொரு விளையாட்டுக்குள் மங்கி ஐலண்ட் கதை மூன்று பகுதிகளாக வந்தது. அதில் நண்பர்களோடு சேர்ந்தே விளையாடலாம். ஒருத்தருக்குத் தோணாதது இன்னொருத்தருக்குத் தோணும். குறிப்புப் புத்தகத்தைவிட நல்ல குறிப்பு பக்கத்தில் இருக்கும் நண்பன்தானே!

மூன்றாவது ஒண்ணு என் ஆசை. இந்த மாதிரி விளையாட்டைத் தமிழில் கொண்டுவந்தால் வசனத்தை மட்டும் மொழிபெயர்த்தால் போதாது. குரங்கு ஸ்பேனர் மாதிரிப் புதிரை அடியோடு மாத்தி, நம்ம சொல்லிலேயே புதுசாகக் கட்டணும். சிலேடைக்கு நம்ம மொழியில் பஞ்சமா என்ன? அப்போதான் எட்டாம் வகுப்புப் பையனும் நியாயமாக மாட்டி, நியாயமாக ஜெயிப்பான்.

உங்களுக்கு ஒரு வேலை

ஒரு வெள்ளைத்தாள் எடுங்க. நம்ம பள்ளிக்கூடத்தையே களமாக வைத்து ஒரு புதிர் கட்டுங்க. நூலக அலமாரிச் சாவி தொலைஞ்சு போச்சு என்று ஆரம்பிக்கலாம். கடைசியிலிருந்து முன்னால் அம்புக்குறி போட்டு வரைங்க. பிறகு வேற வகுப்பு நண்பன் ஒருத்தனிடம் கொடுங்க. அவனுக்கு விடை தெரிஞ்சதும் முகத்தைப் பாருங்க. தன் தலையில் தட்டிக்கிட்டா நீங்க பாஸ். உங்க தலையில் தட்டினா மறுபடி எழுதுங்க! பாஸான புதிர்கள் அடுத்த இதழில் இதே சுவரில் வரும்.

– 9ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு