குழாய்க்குப் போன மிச்சம்தான் கடலுக்கு: சிலாங்கூர் ஆறு வரும் வழி

கோலசிலாங்கூர் - மலாயில் 'குவாலா' என்றால் ஓர் ஆறு இன்னோர் ஆற்றோடோ கடலோடோ சேருமிடம். நம்மவர் வாயில் அது 'கோல' ஆனது. கோலகுபு, கோலசிலாங்கூர் என்ற இரண்டு 'கோல'க்களையும் இணைப்பது சிலாங்கூர் ஆறு.

பிரேசர் மலைப் பகுதியில் தித்திவங்சா மலைத்தொடரில் பிறக்கும் இது, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மலையில் இது வேகக்காரன். 1883இல் கோலகுபுவில் அணைக்கரை உடைந்து ஊரே அழிந்தது. பிறகு ஈயச் சுரங்க மண் ஆற்றை மேடாக்கி வெள்ளம் ஓயாமல் வரவே, ஊர் மேட்டுக்கு இடம்பெயர்ந்து கோலகுபு பாரு ஆனது.

சமவெளிக்கு வந்ததும் ஆறு வளைந்து நெளிந்து மெல்ல நகர்கிறது. பத்தாங் காலி, ரவாங் பக்கத்துக் கிளையாறுகள் இதில் வந்து சேர்கின்றன. பெஸ்தாரி ஜெயாவில் (பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புரியும்) பெரிய நீரேற்று நிலையங்கள் உள்ளன. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் இந்த ஆற்று நீர்தான். மழை குறைந்தால் மேலே அணையில் திறந்துவிடும் நீரே ஆற்றைத் தாங்குகிறது.

2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் என்ற சிறு கிளையாற்றில் கழிவு கலந்தபோது, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கோலாலம்பூர்வரை குழாய்கள் வறண்டன. சின்ன ஓடைதானே என்று யாரும் அதன்பின் சொல்ல முடியவில்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்க்கலாம். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களுக்கு நீர் தருவது இந்த ஆறு அல்ல. பேராக் எல்லையில் ஓடும் பெர்ணம் ஆற்று நீர், சுங்கை தெங்கி வழியே அங்கு வருகிறது.

கழிமுகத்தை நெருங்கும்போது கடல் ஏற்றத்தில் உப்புநீர் ஆற்றுக்குள் ஏறுகிறது. மேலிருந்து நல்ல நீர் குறைந்தால் உப்பு இன்னும் உள்ளே போகும். கம்போங் குவாந்தானின் மின்மினிகள் இரவில் கூடி மின்னும் பெரெம்பாங் மரத்துக்கு உப்பு அதிகமானால் ஆகாது. மரம் மட்டும் இருந்தாலும் போதாது. மின்மினியின் புழுக்கள் கரையோர ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஆற்றின் விளிம்புவரை செம்பனை நட்ட இடங்களில் அந்த ஈரக்கரை இல்லை.