பறப்புப் பாவனையாக்கிகளில் வரைகலை அட்டை அமைப்பு

பறப்புப் பாவனையாக்கி (பிளைட் சிமுலேட்டர்) என்பது வானூர்தியை ஓட்டும் பட்டறிவைக் கணினித் திரையில் தரும் மென்பொருள் ஆகும். புரூஸ் ஆர்ட்விக் உருவாக்கிய நிரலின் அடிப்படையில் அமைந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் 1982 இல் ஐ.பி.எம். கணினிகளுக்கு வெளிவந்தது. எக்ஸ்-பிளேன், கட்டற்ற மென்பொருளான பிளைட்கியர் ஆகியனவும் இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றின் காட்சி தடங்கலின்றி ஓடுவதற்கு வரைகலை அட்டையின் (கிராபிக்ஸ் கார்டு) அமைப்புகளைக் கணினியின் திறனுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டியுள்ளது.

சீரான காட்சி

கணினி ஒரு நொடியில் வரையும் படச்சட்டங்களின் எண்ணிக்கை படச்சட்ட வீதம் எனப்படும். நொடிக்கு 60 சட்டங்கள் எனில் ஒரு சட்டத்திற்கு 16.7 மில்லிநொடியும், 30 சட்டங்கள் எனில் 33.3 மில்லிநொடியும் கிடைக்கின்றன. எனினும், இவ்வெண்ணிக்கை மட்டுமே காட்சியின் சீர்மையைக் காட்டாது. 59 சட்டங்கள் தலா 12.7 மில்லிநொடியில் வரையப்பட்டு, அடுத்த ஒன்று மட்டும் 250 மில்லிநொடி எடுத்துக்கொண்டாலும் கணக்கில் 60 என்றே வரும். ஆனால் கண்ணுக்கு அது திக்கலாகத் தெரியும். எனவே, ஏறி இறங்கும் 60 ஐ விட மாறாத 30 சிறந்ததாக இருக்கலாம்.

இது அழகு தொடர்பானது மட்டுமன்று. 140 நாட் வேகத்தில் 3 பாகைச் சரிவில் இறங்கும் வானூர்தி கால் நொடியில் ஏறத்தாழ 18 மீட்டர் முன்னேறி, ஒரு மீட்டர் அளவுக்குக் கீழிறங்குகிறது. தரையைத் தொடும் முன் மூக்கை உயர்த்த வேண்டிய தருணத்தில் காட்சி உறைந்தால், பயில்பவரின் கணிப்பு தவறிவிடும்.

எடுத்துக்காட்டு: சென்னை ஓடுபாதை 07

கிழக்கிலிருந்து காற்று வீசும்போது சென்னை வானூர்தி நிலையத்தின் ஓடுபாதை 07 இல் தரையிறங்கும் வானூர்திகள் மேற்குத் தென்மேற்கிலிருந்து வருகின்றன. இறங்கு பாதை திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே அமைகிறது. செம்பரம்பாக்கம் ஏரி இடப்புறமும், மறைமலை நகர் வலப்புறம் ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு அப்பாலும் உள்ளன. தொழிற்சாலைகள், குடியிருப்புகள், ஏரிகள் நிறைந்த இப்பகுதியை வரைவது திறந்தவெளியை வரைவதைவிடக் கடினமானது. நகரை நெருங்குந்தோறும் சுமை கூடுகின்றது. ஆதலால், அமைப்புகளைச் சோதிப்பதற்கு இப்பாதை ஏற்றது.

சுமை எங்குள்ளது என அறிதல்

மையச் செயலி (சி.பி.யு.) வானூர்தியின் இயக்கத்தையும் வரைய வேண்டிய பொருட்களையும் கணக்கிடுகிறது, வரைகலைச் செயலி (ஜி.பி.யு.) அவற்றைப் படமாக்குகிறது. இரண்டில் மெதுவானதே வேகத்தைத் தீர்மானிக்கும். எதுவென அறிய, திரைத் தெளிவைக் குறைத்துப் பார்க்கலாம். 3840×2160 தெளிவு 1920×1080 ஐப்போல் நான்கு மடங்கு படப்புள்ளிகளைக் கொண்டது. தெளிவைக் குறைத்ததும் வீதம் உயர்ந்தால் சுமை வரைகலை அட்டையில் உள்ளது. உயராவிடில் சுமை பெரும்பாலும் மையச் செயலியில் உள்ளது. அந்நிலையில் வரைகலை அட்டையின் அமைப்புகளை மாற்றுவதால் பெரும் பயன் இராது.

முதன்மையான அமைப்புகள்

பொருள் அடர்த்தியும் காட்சித் தொலைவும்: கட்டடங்கள், மரங்கள், சாலைப் போக்குவரத்து ஆகியன மையச் செயலியையும் பெரிதும் வருத்துபவை. மேற்கண்ட பாதையில் காட்சித் தொலைவைக் குறைத்தால், மறைமலை நகர்க் கட்டடங்கள் வரையப்படாமல் போகும். தரையிறங்குவதற்கு அவை தேவையும் இல்லை.

இழைநயம் (டெக்ஸ்சர்): பரப்புகளின் மீது ஒட்டப்படும் படங்கள் வரைகலை அட்டையின் நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. சுருக்கப்படாத 4096×4096 படம் ஒன்றுக்கு 64 மெகாபைட் தேவை. பக்க அளவைப் பாதியாக்கினால் 16 மெகாபைட் போதும். நினைவகம் நிரம்பிவிட்டால் தரவுகள் கணினியின் முதன்மை நினைவகத்திலிருந்து வர வேண்டியிருப்பதால் திக்கல் உண்டாகிறது.

திசைசார் வடிகட்டல் (அனிசோட்ரோபிக் பில்டரிங்): சாய்ந்த கோணத்தில் தெரியும் பரப்புகளைத் தெளிவாக்குவது இது. இறங்கும்போது ஓடுபாதை ஏறத்தாழ 3 பாகைக் கோணத்திலேயே தெரிவதால் இது பெரிதும் உதவும். இன்றைய அட்டைகளுக்கு 16 மடங்கு அளவும் பெருஞ்சுமை அன்று.

விளிம்பு மென்மையாக்கம் (ஆன்டி-அலியாசிங்): ஓடுபாதைக் கோடுகளும் கருவிப் பலகையின் எழுத்துகளும் படிக்கட்டுப்போல் தெரிவதைக் குறைக்கும். அளவு கூடக்கூட வரைகலைச் செயலியின் சுமையும் கூடும்.

முகிலும் நிழலும்: இவை வரைகலைச் செயலிக்குக் கடும் சுமை தருவன. முதலில் குறைத்துப் பார்க்க வேண்டியவை இவையே.

செங்குத்து ஒத்திசைவு (வி-சிங்க்): சட்டங்களைத் திரையின் புதுப்பிப்போடு இணைத்துப் படம் கிழிந்து தோன்றுவதைத் தடுக்கிறது. ஆனால் 60 எர்ட்சுத் திரையில் 16.7 மில்லிநொடிக்குள் முடியாத சட்டம் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க நேரும். அடிக்கடி இவ்வாறு நிகழ்ந்தால் வீதத்தை 30 எனப் பூட்டிவிடுவது நல்லது. ஜி-சிங்க், பிரீசிங்க் நுட்பங்கள் திரையின் புதுப்பிப்பையே சட்டங்களுக்கு ஏற்ப மாற்றுகின்றன.

பிற காரணங்கள்

எல்லாத் தடங்கலும் வரைகலை அட்டையால் ஏற்படுவதில்லை. மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பு நிலப்படங்களை இணையத்தின் வழியே பெறுவதால், இணைப்பு மெதுவாக இருந்தால் காட்சி பாதிக்கப்படலாம். செயலி சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டும் இடங்களில் மடிக்கணினிகளுக்கு இது பொதுவான சிக்கல் ஆகும். திரையின் கம்பியை வரைகலை அட்டையில் செருகாமல் தாய்ப்பலகையில் செருகுவதும் அடிக்கடி நிகழும் தவறு.

சரிசெய்யும் முறை

ஒரே வானூர்தி, ஒரே இறங்கு பாதை, ஒரே நேரம், ஒரே வானிலை ஆகியவற்றைத் தெரிவு செய்து, ஒவ்வொரு முறையும் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிப் பறந்து குறித்துக்கொள்ள வேண்டும். பலவற்றை ஒருசேர மாற்றினால் எது பயன் தந்தது என்பதை அறிய இயலாது. பயண உயரத்தில் அன்றி, சுமை மிகும் இறங்குகட்டத்தில் காட்சி சீராக ஓடும் அளவையே இறுதி அமைப்பாகக் கொள்ள வேண்டும்.