வேடு கட்டிய பானையும் கிளிப் போட்ட டப்பாவும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பாம்பு ஒரு செய்தியே அல்ல. திராட்சைப் பந்தலின் அடியிலும் வாழைத் தோப்பின் வரப்பிலும் எலி இருக்கிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. புதிதாக வந்திருப்பது வேறொன்று. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வண்ணப் பாம்புக் குட்டியைக் கையில் சுற்றிக்கொண்டு சிரிப்பதைக் கைப்பேசியில் பார்க்கும் இளைஞருக்கு, ‘நாமும் ஒன்று வளர்த்தால் என்ன?’ என்று தோன்றிவிடுகிறது.

அந்த வெளிநாட்டுக்காரர் பெரும்பாலும் கண்ணாடித் தொட்டிக்குச் செலவழிப்பதில்லை. கார்ன் பாம்பு, பால் பைதான் (ball python) போன்றவற்றின் குட்டிகளுக்கு அங்கே முதல் வீடு, ஷூ வைக்கும் அளவுள்ள மலிவான பிளாஸ்டிக் டப்பாதான். பரந்த இடத்தில் குட்டி மிரளும். ஒடுங்கிய இடத்தில் நிம்மதியாக இரை எடுக்கும். ஆனால் அந்த டப்பா மளிகைச் சாமான் வைக்கச் செய்தது. உயிருள்ள ஒன்று உள்ளிருந்து முட்டித் தள்ளும் என்று அதைச் செய்தவர் நினைத்திருக்க மாட்டார்.

பாம்பின் விலா எலும்புகள் நம்முடையவை போல மார்பில் ஒன்றுசேர்வதில்லை. அதனால் அது உடலைத் தட்டையாக்கிக்கொள்ளும். மண்டையோட்டைத்தான் சுருக்க முடியாது. தலை நுழைந்த சந்தில் உடலும் நுழைந்துவிடும் என்பதே கணக்கு. முட்டையிலிருந்து வந்த கார்ன் பாம்புக் குட்டி சுமார் ஓரடி நீளம், பென்சிலைவிட மெலிது. அதன் தலைக்கு எவ்வளவு சின்னச் சந்து போதும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுபவசாலிகள் முதலில் சந்தேகப்படுவது மூடியின் நீளப் பக்க நடுப்பகுதியை. கிளிப் இரு முனைகளில் மட்டும் இருந்தால், நடுவில் மூக்கால் நெம்பினாலே பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். தேனி வெயிலில் அது இன்னும் இளகும். மேலே செங்கல் வைத்தால் மூலை தூக்கிக்கொள்ளும். நான்கு பக்கமும் கிளிப், அல்லது குறுக்கே இறுக்கிய பட்டை இருக்க வேண்டும். காற்றுத் துளைகளைச் சூடான சால்டரிங் கம்பியால் உள்ளிருந்து வெளியே குத்துவார்கள். உருகிய பிசிறு வெளிப்பக்கம் போய்விடும், குட்டியின் மூக்கு கிழியாது. துளை தலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சந்தை அடைக்க உள்ளே செலோ டேப் ஒட்டுவதுதான் மோசம். அதில் சிக்கிய குட்டியைப் பிரித்தெடுத்தால் செதிலும் தோலும் சேர்ந்து வரும்.

இதற்கெல்லாம் முன்பே தமிழ்நாட்டில் மலிவான ஒரு பாம்புக்கலம் உண்டு. சென்னையை அடுத்த வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் மண்பானையில்தான் வைக்கிறது. அடியில் மணல், வாயில் ஊறுகாய்ப் பானை போலப் பருத்தித் துணியால் வேடு கட்டு. துணி முழுதும் காற்று விடும், நெம்புவதற்கு விளிம்பு கிடையாது, மண் சுவர் உள்ளே குளிர்ச்சி தரும். சில வாரங்கள் வைத்திருந்து, விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு இந்தப் பானைகள் முக்கியமான ஆதாரம்.

டப்பாக்காரர்கள் கோட்டைவிட்டதைப் பிடிக்கவும் பானைக்காரர்களைத்தான் அழைக்க வேண்டியிருந்தது. வளர்ப்பிலிருந்து தப்பியும் உரிமையாளர்களால் விடப்பட்டும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகிவிட்டன. 2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் அங்கே போய், முதல் எட்டு நாளிலேயே 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம்மூர் ஆசைக்காரருக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது, நல்லவேளை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கும் நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். பால் பைதான் போன்ற, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட அயல் இனங்களை 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒன்று. சின்னமனூரிலோ கூடலூரிலோ வீட்டுக்குள் குட்டிப் பாம்பு தென்பட்டால், அதை டப்பாவில் போட முயலாதீர்கள். கண்ணாடி விரியன் குட்டிக்குப் பிறந்த அன்றே விஷம் உண்டு. அறையைவிட்டு எல்லாரும் வெளியே வந்து, கதவைச் சாத்தி, அடிச்சந்தில் ஈரத்துணியை இறுக்கித் திணியுங்கள். தீயணைப்புத் துறையின் 101-க்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போட வேண்டாம், கீறவும் வேண்டாம். நேரே கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அதைவிடப் பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.